ஒரு கிலோப் பிள்ளை

முள்ளிக்கரையில் எடை கெட்டுப்போனது. எதைத் தராசில் வைத்தாலும் ஒரு கிலோதான்.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. ரேஷன் கடையில் எடை போடுகிற தவசிமுத்து இருபது கிலோ அரிசியைத் தூக்கி மின்தராசில் வைத்தார், ஒரு கிலோ என்றது. பாதியைக் கொட்டிவிட்டு வைத்தார், ஒரு கிலோ என்றது. மிச்சத்தையும் கொட்டிவிட்டு வெறும் சாக்கை வைத்தார், ஒரு கிலோ. சாக்கின் மூலையில் ஒட்டியிருந்த ஒற்றை அரிசியைப் பொறுக்கித் தட்டின் நடுவில் வைத்தார், அதுவும் ஒரு கிலோ, கூடவுமில்லை குறையவுமில்லை. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். தவசிமுத்து சிரிக்கவில்லை. அவர் சிரித்து யாரும் பார்த்ததுமில்லை.

"பேட்டரி போயிருக்கும் அண்ணாச்சி" என்றாள் ஒருத்தி.

"பேட்டரி போனா ஒண்ணுமே காட்டாது. சும்மா நில்லு."

பலசரக்குக் கடை லிங்கத்துரையிடமிருந்து பழைய கைத்தராசு வந்தது. ஒரு பக்கம் ஒரு கிலோக் கல்லை வைத்தால் மறுபக்கம் உப்புக்கல்லானாலும் சரி, உரலானாலும் சரி, முள் நடுவில் வந்து ஆடாமல் நின்றது. தராசு முத்திரை போடுகிற அதிகாரி ஜீப்பில் வந்தார், தன் செருப்பைக் கழற்றி வைத்துப் பார்த்தார், ஒரு கிலோ, இரண்டு செருப்பையும் வைத்துப் பார்த்தார், ஒரு கிலோ, அறிக்கை எழுதி அந்தக் காகிதத்தையும் வைத்துப் பார்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறினார். பிறகு வரவில்லை.

ஏன் இப்படி ஆனது என்று காரணம் சொன்னவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு வேறு வேலை இல்லை. வேலை இருந்தவர்கள் மூன்றாம் நாளே பரணில் கிடந்த படியையும் உழக்கையும் மரக்காலையும் இறக்கிப் புளிபோட்டுத் துலக்கினார்கள், பஞ்சாயத்தில் தீர்மானம் போட்டார்கள், அன்றிலிருந்து முள்ளிக்கரையில் எல்லாம் படிக்கணக்கு என்றானது. உளுந்தும் படி, உப்பும் படி, ஆணியும் படி, பஞ்சும் படி. மீன்காரி நெத்திலியைப் படியில் அள்ளினாள், வஞ்சிரத்தைப் படிக்குள் நிறுத்தி வைத்து வெளியே நீட்டிக்கொண்டிருந்த வாலுக்குத் தனியாகச் சண்டை போட்டாள். பழைய இரும்பு வாங்குகிறவன் உடைந்த சைக்கிளை எத்தனை படி என்று கேட்டுக் கண்கலங்கி நின்றான். அம்மன் கோவிலில் எடைக்கு எடை வாழைப்பழம் தருவதாக நேர்ந்துகொண்ட தொண்ணூறு கிலோ ஆசாமி ஒருவர் ஒரு தட்டில் ஏறி உட்கார, மறு தட்டில் ஒற்றை ரஸ்தாளி வைத்ததுமே இரண்டும் சமமாக நிற்க, "அம்மனே ஒத்துக்கிட்டா, எறங்கும்" என்று பூசாரி அவரைக் கையைப் பிடித்து இறக்கிவிட்டார்.

ஆனால் குழப்பம் தீரவில்லை. ஒரு கிலோ துவரம்பருப்புக்கு எத்தனை படி, ஒரு படி புளிக்கு எத்தனை கிலோ, அமுக்கிய புளியா அமுக்காத புளியா, குவித்த படியா தலை வழித்த படியா என்று விடிந்தால் பேச்சு, பொழுது சாய்ந்தால் பேச்சு. அரிசிக்குச் சொன்ன கணக்கை அவலுக்குப் போட்டார்கள், அவலுக்குச் சொன்னதை வெல்லத்துக்குப் போட்டார்கள். எண்ணெய்க்கும் தேனுக்கும் ஒரே கணக்கென்று நம்பி ஒரு வீட்டில் பஞ்சாமிர்தம் செய்தார்கள். அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

பக்கத்து ஊர்ச் சந்தைக்கு ஒரு பூசணிக்காயைக் கொண்டுபோய் எடைபோட்டுப் பார்த்தார்கள். அங்கேயும் ஒரு கிலோ. முள்ளிக்கரைப் பொருள் எங்கே போனாலும் ஒரு கிலோதான் என்று தெரிந்ததும் சந்தைக்காரர்கள் முதலில் சிரித்தார்கள், அப்புறம் தங்கள் தராசுகளை வேட்டியால் மூடிக்கொண்டு, "போங்கய்யா, எங்களுக்கும் ஒட்டிரும்" என்று விரட்டினார்கள்.

முதுகுக்கு மட்டும் தெரிந்தது. மூட்டை தூக்கினால் வலித்தது, முறுக்கைத் தூக்கினால் வலிக்கவில்லை. அதைக் கணக்கென்று எழுத முடியுமா?

தவசிமுத்துவுக்கு வேறொரு கேடு. இருபத்தாறு வருஷமாக எடை போட்ட கை அவருடையது. பொட்டலத்தை வாங்கி ஒரு தரம் உள்ளங்கையில் ஏந்தி, "அரைக் கிலோவுக்குப் பத்துக் கிராம் கம்மி" என்பார், தராசு அதையே சொல்லும். அந்தக் கைக்கும் தராசுக்கும் அப்படியொரு ஒப்பந்தம். எடை கெட்ட நாற்பதாம் நாள் வீட்டில் எலுமிச்சம்பழத்தைக் கையில் எடுத்தார், கை ஒரு கிலோ என்றது. அம்மிக் குழவியை எடுத்தார், நெஞ்சு இரைத்தது, கை ஒரு கிலோ என்றது. நாற்பது நாளாகத் தராசு சொன்ன பொய்யைக் கையும் நம்பிவிட்டது. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. குழவியைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கழுவினார்.

அந்த வாரத்தில்தான் அவர் மகள் செல்லக்கிளிக்குப் பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. ஏழு வாரம் முந்திக்கொண்டது. வளையல் போடுகிற மணிக்கட்டு சுண்டுவிரல் தடிமன்தான் இருக்கும், காது இரண்டும் காகிதம். மருமகனுக்குக் கப்பலில் வேலை, கடலில் எங்கோ இருந்தான். கிராமத்து நர்ஸ் ஜெபக்கனி தூளியில் எடைபார்க்கிற தராசைக் கொண்டுவந்து மாட்டினாள், முள் ஒரு கிலோவில் நின்றது, பதிவேட்டில் எடை என்ற கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டுப் போனாள். பிள்ளை பால் குடித்தது, தூங்கியது, முகத்தைச் சுளித்தது. போதும் என்று இருந்தார்கள்.

இருபத்திரண்டாம் நாள் காய்ச்சல். மறுநாள் காய்ச்சல் ஏறியது. மூன்றாம் நாள் காலையில் பிள்ளை பாலைத் தொடவில்லை, அழவுமில்லை, பூனைக்குட்டிபோல முனகியது. ஆட்டோவில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே தராசில் போட்டார்கள். ஒரு கிலோ. டாக்டர் பிள்ளையைப் பார்த்தார், தராசைப் பார்த்தார், எந்த ஊர் என்று கேட்டார், முள்ளிக்கரை என்றதும் நர்ஸ் ஒருத்தி ஓடிவந்து தராசின் வயரைப் பிடுங்கினாள்.

டாக்டர் நல்ல மனுஷன்தான். ஒரு சின்ன மருந்து பாட்டிலைக் கையில் கொடுத்தார். "இதுதான் கேக்கும். கிலோவுக்கு அஞ்சு சொட்டு. ஒரே தடவை. சாயங்காலத்துக்குள்ள உள்ள போயிரணும். கொறைஞ்சா காய்ச்சல் அடங்காது, கூடினா மூச்சு அடங்கிரும். எடையை எப்படியாவது கண்டுபிடிங்க."

"நீங்க பார்த்து ஒரு குத்துமதிப்பாச் சொல்லப்படாதா?" என்றாள் செல்லக்கிளி.

"குத்துமதிப்புக்கு இந்த மருந்து இடம் கொடுக்காதும்மா."

வீடு வந்து சேர்ந்தபோது உச்சிவெயில். ஜெபக்கனி வந்துவிட்டாள், லிங்கத்துரை கடையைப் பூட்டிவிட்டு வந்தார், தெருவே முற்றத்தில் நின்றது. செல்லக்கிளி பிள்ளையைத் தகப்பனிடம் நீட்டினாள்.

"எப்பா, நீங்க கையில ஏந்திச் சொல்லுங்க. ஒங்க கைக்குத் தெரியாததா?"

தவசிமுத்து வாங்கினார். இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி, கண்ணை மூடி, ஊர் முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, நின்றார். அனல் அடித்தது. கை சொன்னது: ஒரு கிலோ. இன்னொரு தரம் கேட்டார். ஒரு கிலோ. எலுமிச்சம்பழத்துக்குச் சொன்ன அதே குரலில் சொன்னது.

"தெரியல" என்றார்.

அந்த ஒரு சொல்லைக் கேட்டு மகள் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் லிங்கத்துரைக்கு யோசனை வந்தது. அவருக்கு யோசனை வருவது ஊருக்கு நல்லதில்லை. "இதுல என்ன இருக்கு? ஊர்ல எல்லாத்தையும் படியில அளக்கோம், பிள்ளையையும் அளப்போம். பெரிய அண்டாவுல அரிசியை ரொப்பி, அரிசியை அளந்து வச்சுக்கிடணும். பொறவு பிள்ளையைக் கழுத்து மட்டும் உள்ள வச்சு ரொப்பணும். எவ்வளவு அரிசி மிஞ்சுதோ அவ்வளவுதான் பிள்ளை."

"அரிசி குத்தும்" என்றாள் செல்லக்கிளி.

"அப்ப பொரி. பூ மாதிரி இருக்கும்."

குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அளவு அளவுதான். அண்டா நிறையப் பொரி வந்தது, கொட்டி அளந்தார்கள், பிள்ளையை மெத்தென்று உள்ளே வைத்துச் சுற்றிலும் பொரியைத் தூவினார்கள், பிள்ளை கழுத்துவரை வெள்ளைப் பொரியில் கோவில் உற்சவத்துக்கு அலங்காரம் செய்ததுபோலக் கிடந்து முகத்தைச் சுளித்தது, மிஞ்சியதை அளந்தால் ஒரு படிக்குக் கொஞ்சம் குறைவு.

"ஒரு படி!" என்று ஊரே கத்தியது. காரியம் முடிந்துவிட்டது என்று நினைத்தார்கள்.

ஜெபக்கனி பாட்டிலைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "ஒரு படின்னா எத்தனை கிலோ?"

லிங்கத்துரை உடனே சொன்னார். அவருக்கு மனப்பாடம். "ஒரு படிப் பொரி நூத்தம்பது கிராம்."

"அப்ப ஒரு சொட்டுகூட வராதே!"

"பொரியில அளந்தா பொரிக்கணக்குத்தானே சொல்ல முடியும்?"

"பிள்ளை பொரியா வே?" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். "அரிசிக்கணக்குல பாரும். படி ஒண்ணேகால் கிலோ. ஆறு சொட்டு."

"அரிசி காஞ்ச சாமான். பிள்ளை ஈரம். உப்புக் கணக்குதான் சரி. எட்டு."

"எலும்பு இருக்குல்லா? எலும்புன்னா கனம். ஆணிக்கணக்குல பாத்தா முப்பது சொட்டு வருது."

"முப்பதா? கொன்னுபோடுவியா?"

"சதையும் இருக்கு, ஆட்டுக்கறிக்கணக்கு..."

"வாயை மூடு" என்றார் தவசிமுத்து.

மூடினார்கள். ஆனால் கேள்வி மூடவில்லை. ஒரு சொட்டா, ஆறா, எட்டா, முப்பதா? பிள்ளையை எந்தச் சாமானோடு சேர்ப்பது? இருபத்தாறு வருஷத்தில் அரிசி, சர்க்கரை, பருப்பு, கோதுமை என்று எத்தனையோ சாமானுக்கு எடை சொன்னவர் அவர், பேத்தி எந்தச் சாமான் என்று தெரியாமல், பொரி ஒட்டிய கையோடு முற்றத்தின் நடுவில் நின்றார். வெயில் மேற்கே சரிந்துகொண்டிருந்தது. பிள்ளையின் முனகல் நின்று நின்று வந்தது.

வாசலில் சத்தம். "நகருங்க வே, நகருங்க. மோர்ப்பானையை எறக்கணும், கழுத்து போகுது."

வெண்ணெய்க்காரி. மூன்று நாளுக்கு ஒருமுறை மேலக்கரையிலிருந்து வருவாள், மோர்ப்பானை ஒன்று, அதன்மேல் வெண்ணெய்ச் சட்டி ஒன்று, சட்டியின்மேல் லிட்டர் குவளை. வயது ஐம்பதோ அறுபதோ, யாரும் கேட்டதில்லை. பானையை இறக்கிவைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். பொரியில் கிடந்த பிள்ளையைப் பார்த்தாள்.

"என்ன கூத்து இது? பிள்ளையை எதுக்குப் பொரியில பொதைச்சு வச்சிருக்கிய?"

ஜெபக்கனி நடந்ததைச் சொன்னாள். பாதியிலேயே வெண்ணெய்க்காரி தலையில் அடித்துக்கொண்டாள்.

"நாங்க வெண்ணெயை எப்படி அளக்கோம்? உருண்டையைப் படியில அமுக்கினா கையில பாதி, படியில பாதி ஒட்டிக்கிடும். தண்ணியில போடுவோம். ரொம்பின செம்புல வெண்ணெயைப் போட்டா எவ்வளவு தண்ணி வெளிய வழியுதோ அவ்வளவு வெண்ணெய். பிள்ளையும் வழவழன்னுதானே இருக்கு? தண்ணியில வைங்க."

"அதைத்தானே ஆத்தா பொரியில செஞ்சோம்?" என்றார் லிங்கத்துரை. "ஒரு படின்னு தெரிஞ்சு போச்சு. எந்தக் கணக்குன்னுதான் தெரியல. தண்ணியில அளந்தா மட்டும் தெரிஞ்சிருமா?"

"தண்ணியில வச்சாத் தண்ணி சொல்லும். பொரி எதைச் சொல்லும்? பொரி நொறுங்கும்."

யாருக்கும் புரியவில்லை. தவசிமுத்துவுக்கும் புரியவில்லை. ஆனால் அவரிடம் வேறு வழியும் இல்லை. "அண்டாவைக் கழுவு" என்றார்.

பெரிய தாம்பாளத்தின் நடுவில் அண்டாவை வைத்து, வெதுவெதுப்பான தண்ணீரை விளிம்பு தளும்ப ஊற்றினார்கள். வெண்ணெய்க்காரி முந்தானையைச் செருகினாள், பொரியையெல்லாம் துடைத்துவிட்டுப் பிள்ளையை வாங்கினாள், இடது கையைப் பிடரிக்கும் வலது கையைத் தாடைக்கும் கொடுத்து, தன் கை தண்ணீரில் முங்காமல், காலிலிருந்து மெல்ல மெல்ல, வெண்ணெய் கரைந்துவிடுமோ என்பதுபோல இறக்கினாள். தண்ணீர் சுற்றிலும் வழிந்து தாம்பாளத்தில் விழுந்தது. தாடைவரை இறங்கியதும் நிறுத்தினாள். தண்ணீர் வழிவது நின்றது. பிறகு வலது கையை எடுத்துவிட்டாள்.

"ஐயோ!" என்று செல்லக்கிளி எழுந்தாள்.

"சும்மா இரு மக்கா. பாரு."

பிடரிக்குக் கொடுத்த இரண்டு விரல் மட்டும் இருந்தது. உடம்பு தண்ணீருக்குள் அப்படியே நின்றது, கீழே போகவில்லை, மேலே எழும்பவும் இல்லை, தண்ணீருக்குள் இன்னொரு தண்ணீர்போல நின்றது. பிள்ளை மூன்று நாளில் முதல்தடவையாகக் கண்ணைத் திறந்தது.

"பாத்தியளா?" என்றாள் வெண்ணெய்க்காரி. "வெண்ணெயா இருந்தா மிதக்கும், அமுக்கித்தான் வைக்கணும். ஆணியா இருந்தா முழுகும். இது ரெண்டும் செய்யல. அப்ப இது வெண்ணெயும் இல்ல, ஆணியும் இல்ல, ஒங்க அரிசி உப்பு ஒண்ணும் இல்ல. தண்ணி. தண்ணிக்கணக்குல பாருங்க."

தவசிமுத்து அண்டாவைப் பார்த்துக்கொண்டே நின்றார். ரொம்ப நேரம் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் இருபத்தாறு வருஷமும் ஒருதரம் வந்துபோனது. அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கல் இல்லாத நாளில் தராசைச் சரிபார்க்க ஒரு லிட்டர் தண்ணீரைத்தான் வைப்பார்கள். ஒரு லிட்டர் தண்ணீர், ஒரு கிலோ. எடை கெட்ட இந்த ஊரில், எதை வைத்தாலும் ஒரு கிலோ என்று பொய் சொல்கிற அந்தத் தராசும் பொய் சொல்லாத சாமான் ஒன்றே ஒன்றுதான், ஒரு லிட்டர் தண்ணீர். அதை யாரும் வைத்துப் பார்க்கவில்லை, ஏனென்றால் தண்ணீரை யார் எடை போடுவார்கள்?

"ஜெபக்கனி" என்றார். "லிட்டருக்கு ஒரு கிலோ. அளம்மா."

தாம்பாளத்துத் தண்ணீரை லிட்டர் குவளையில் ஊற்றினார்கள். ஒன்று நிரம்பியது. மிச்சத்தை ஜெபக்கனி ஊசிக்குழலால் உறிஞ்சி உறிஞ்சி எண்ணினாள். ஒரு லிட்டர் நானூறு மில்லி.

"தலை?" என்றார் லிங்கத்துரை. இந்தத் தடவை சரியாகத்தான் கேட்டார். "தலை வெளிய நிக்குல்லா. தலையையும் முக்கவா முடியும்?"

எல்லோரும் வெண்ணெய்க்காரியைப் பார்த்தார்கள். அவள் பிள்ளையைத் துணியில் பொதிந்து தாயிடம் கொடுத்துவிட்டு, வெண்ணெய்ச் சட்டியைக் கட்டியிருந்த நூலைப் பிரித்துப் பிள்ளையின் நெற்றியைச் சுற்றி அளந்து முடிச்சுப் போட்டாள்.

"ஒம்ம கடையில தேங்காய் இருக்குல்லா? இந்த நூலுக்குச் சரியா ஒண்ணு கொண்டாரும்."

லிங்கத்துரை ஓடினார். அவர் ஓடி ஊர் பார்த்தது அன்றைக்குத்தான். உரித்த தேங்காய் ஒரு மூட்டையைத் தெருவில் கொட்டினார்கள், ஆளுக்கொன்றாக எடுத்து நூலைச் சுற்றினார்கள், பெரிசு, பெரிசு, இதுவும் பெரிசு, கோணல், கடைசியில் யாரும் வாங்காமல் கிடந்த ஒரு சவலைத் தேங்காய் நூலுக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. அண்டாவை மறுபடி தளும்பத் தளும்ப நிரப்பித் தேங்காயைப் போட்டார்கள். மிதந்தது.

"அமுக்கணும்" என்றாள் வெண்ணெய்க்காரி. "அதைக் கனம் பாக்கல, இடந்தான் பாக்கோம். விரல் நுனியால. விரல் முங்கப்படாது. விரலு பிள்ளை இல்ல."

அமுக்கினாள். வழிந்தது நானூறு மில்லி. ஒன்று நானூறும் நானூறும் ஒன்று எண்ணூறு.

"ஒரு கிலோ எண்ணூறு" என்றார் தவசிமுத்து. இருபத்தாறு வருஷத்தில் அவர் எத்தனையோ எடையைக் கூவியிருக்கிறார், இதை மட்டும் மெதுவாகச் சொன்னார். "ஒம்பது சொட்டு."

ஜெபக்கனி ஊர் சேர்ந்து எண்ண எண்ண விட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஒன்பதாவது சொட்டு குழலின் நுனியில் தயங்கி நின்றது, விழுந்தது. பிள்ளை சப்புக்கொட்டியது. ஒருவரும் கலையவில்லை. கோவிலில் சாயரட்சை மணி அடிக்கிற நேரத்தில் பிள்ளையின் நெற்றியில் கடுகுபோல வேர்வை பூத்தது. செல்லக்கிளி அதைத் துடைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் பிள்ளை வீல் என்று கத்தியது, பாலுக்கு.

அதற்குப் பிறகு முள்ளிக்கரையில் கனம் தெரிய வேண்டியதையெல்லாம் தண்ணீரில் போட்டுப் பார்க்கப் பழகினார்கள். மிதக்கிறதா முழுகுகிறதா என்பது முதல் கேள்வி, எவ்வளவு வழிந்தது என்பது இரண்டாவது. அதிலும் குழம்பினார்கள், ஒருவன் சர்க்கரையைப் போட்டுவிட்டு அண்டாவுக்குள் தேடினான், ஆனால் சண்டை குறைந்தது. தராசு எப்போது சரியானது என்று யாருக்கும் தெரியாது. தை மாதத்தில் ஒருநாள் ரேஷன் கடையில் பூனை ஒன்று ஏறிப் படுத்தபோது மூன்று கிலோ இருநூறு என்று காட்டியது. அதற்கு எத்தனை நாள் முன்னால் சரியாகியிருந்ததோ, யார் பார்த்தார்கள்?

மருந்து விட்ட அந்தச் சாயங்காலம், பிள்ளை பால் குடித்துக்கொண்டிருக்கும்போது, ஜெபக்கனி பதிவேட்டை விரித்தாள். காலியாக விட்ட கட்டத்தில் 1.800 என்று எழுதினாள். பக்கத்தில் எடை பார்த்தவர் என்று ஒரு கட்டம். பேனாவைத் தவசிமுத்துவிடம் நீட்டினாள். அப்படியொரு கட்டத்தில் எழுதிப் பழகிய பெயர் ஊரில் அவர் பெயர்தான்.

அவர் பேனாவோடு பதிவேட்டையும் வாங்கினார். வாசலுக்குப் போனார். வெண்ணெய்க்காரி பானையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, ஒன் பேரு என்ன?"

அவள் திரும்பிப் பார்த்தாள். "முப்பது வருசமா மோரு வாங்கிக் குடிச்சிட்டு, இப்பத்தான் கேக்கத் தோணுச்சாக்கும்?"

"சொல்லு. எழுதணும்."

சொன்னாள். தவசிமுத்து பதிவேட்டை வாசல் திண்ணையின்மேல் வைத்து, கட்டத்துக்குள் அடங்காமல் கோட்டைத் தாண்டிப் போகப் போக, பெரிய எழுத்தில் எழுதினார்: ஆவுடைத்தங்கம்.